48 கோர் கேட்டார், ஒன்றில் ஓடியது

"சார், மூணு நாளா ஓடுது, இன்னும் முடியல." பல கணினிகளை இணைத்துப் பலரும் பகிரும் கிளஸ்டரைப் பராமரிக்கும் என்னிடம் வாரம் ஒருவராவது இப்படிச் சொல்வார். போன மாதம் வந்த ஆராய்ச்சி மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேலைகளை வரிசைப்படுத்தி கணினிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் ஸ்லர்மில், வரிசையைக் காட்டும் 'எஸ்கியூ' கட்டளையை அவரையே அடிக்கச் சொன்னேன். அவர் கொடுத்த வேலைகள், அதாவது ஜாப்கள், இரண்டு; இரண்டுக்கும் நேராக 'ஆர்' (ரன்னிங்). ஓடுகிறது, சரி. என்ன செய்துகொண்டு ஓடுகிறது என்பதை எஸ்கியூ சொல்லாது.

பழைய ஜாப் இருக்கும் நோடுக்குள், அதாவது கிளஸ்டரின் அந்த ஒரு கணினிக்குள், எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகப் போய், எந்த புரோகிராம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் 'டாப்' பார்த்தோம். ஓடிக்கொண்டிருந்த அவருடைய ப்ராசஸ் (புரோகிராம்) ஒன்றே ஒன்று, 100 சதவீதம். டாப் கணக்கில் 100 என்றால் ஒரு கோர், அதாவது கணக்குப் போடும் ஒரு செயலி அலகு. அவர் வாங்கியிருந்தது 48. மீதி 47 கோரும் அவர் பெயரில் பூட்டிக் கிடக்க, வரிசையில் மற்றவர்களின் ஜாப்கள் 'பிடி' (காத்திருப்பு) நிலையில், 'ரிசோர்சஸ்', அதாவது இடமில்லை, என்ற காரணத்தோடு நின்றன.

ஜாபுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதும் ஸ்கிரிப்டில் கோர் எண்ணைக் கூட்டினால் புரோகிராம் தானாக வேகமெடுக்கும் என்று நம்பியிருக்கிறார். எம்பிஐ, ஓப்பன்எம்பி போன்ற இணைநிரலாக்க வசதி ஒன்றின் மூலம் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக்கொள்ளும்படி எழுதாத புரோகிராமுக்கு எத்தனை கோர் கொடுத்தாலும் வீண்தான்.

பதறிப்போய், ஜாபை ரத்து செய்யும் 'எஸ்கேன்சல்' கட்டளையை 'எஸ்கேன்சல் மைனஸ் யூ' என்று தட்டத் தொடங்கினார். கையைப் பிடித்துத் தடுத்தேன். அதோடு பயனர் பெயரைக் கொடுத்தால் அவருடைய எல்லா ஜாபும் போய்விடும், ஒழுங்காக ஓடும் இரண்டாவது உட்பட. "நிச்சயமா?" என்று கேட்காது. ஜாப் எண்ணைக் கொடுத்தால் அது மட்டும் போகும். அப்போதும் ஸ்லர்ம் முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லி சிக்னல் அனுப்பும். அமைப்பை மாற்றாவிட்டால் 30 விநாடி பொறுத்துத்தான் கொல்லும். அந்த சிக்னலைப் பிடித்து, அதுவரையான நிலையைச் சேமிக்கும் செக்பாயிண்ட் எழுதும் வசதி புரோகிராமில் இருந்தால் அதுவரை செய்த கணக்கு மிஞ்சும். தயவுசெய்து அதை எழுதி வையுங்கள்.

ஸ்கிரிப்டில் கேட்கும் நேர வரம்பும் கோர் எண்ணைப் போலத்தான். இரண்டு மணி நேர வேலைக்கு ஏழு நாள் கேட்காதீர்கள். பெரிய ஜாபுக்கு நோடுகள் காலியாகும்வரை கிடைக்கும் இடைவெளியில் ஸ்லர்ம் சின்ன ஜாப்களை நுழைக்கும். நீங்கள் எழுதிய நேரத்தை வைத்துத்தான் அதை முடிவு செய்யும். முடிந்த ஜாபின் கணக்கைக் காட்டும் 'எஸ்ஆக்ட்' கட்டளையைப் போட்டு 'எலாப்ஸ்டு' (எடுத்த நேரம்), 'மேக்ஸ்ஆர்எஸ்எஸ்' (அதிகபட்சம் பிடித்த நினைவகம்) இரண்டையும் பாருங்கள். அடுத்த முறை அதற்குக் கொஞ்சம் மேலே கேட்டால் போதும்.

அந்த மாணவர் பழைய ஜாபின் எண்ணைக் கொடுத்து ரத்து செய்தார். மறுபடி எஸ்கியூ அடித்தபோது வரிசையில் முதலில் நின்ற ஜாப் 'ஆர்' ஆகியிருந்தது. பெயரைப் பார்த்தார். அவருடைய ஆய்வகத் தோழியுடையது. இரண்டு நாளாகக் காத்திருந்தது.