சத்துப் பொடி டப்பாவும் சனிக்கிழமைச் சிட்டையும்

போன வாரம் என்னிடம் இன்னொரு அம்மா வந்தார். கூட வந்த பையனுக்கு ஏழு வயது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கிறது, ஹீமோகுளோபின் 8.6. அந்த வயதில் 11.5-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் ரத்தசோகை. இப்படி வருகிற எத்தனையாவது பிள்ளை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் திருப்பூர்ப் பக்கம் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிறவர்கள். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் "எல்லாம் குடுக்கறனுங்க" என்பார்கள், அதனால் மளிகைச் சிட்டையைத்தான் கேட்பேன். அந்த அம்மாவின் பர்ஸில் அது நாலாக மடித்து இருந்தது. மொத்தம் 1,200 ரூபாய். பொன்னி அரிசி 5 கிலோ 300, எண்ணெய் 150, டீத்தூளும் சர்க்கரையும் 120, பிஸ்கட் நூடுல்ஸ் வகையறா 150, சோப்பு மசாலா 160. துவரம் பருப்பு கால் கிலோ, 40 ரூபாய். அப்புறம் சத்து பானப் பொடி ஒரு டப்பா, 280.

"இது எதுக்கும்மா?"

"சத்துக்குத்தானுங்க மேடம். பையன் ஒல்லியா இருக்கான்ல."

இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேளை என்றால் அரை கிலோ டப்பா ஒரு வாரம்தான் வரும். தயவுசெய்து அந்த டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் உள்ள அட்டவணையைப் படியுங்கள். நான் பார்த்தவற்றில் 100 கிராம் பொடிக்குப் புரதம் 7 முதல் 11 கிராம்தான், சர்க்கரை பலவற்றில் 30 கிராமுக்கு மேல். அரை கிலோ டப்பா முழுதும் காலியானாலும் வீட்டுக்குள் வந்த புரதம் 35 முதல் 55 கிராம்தான். அதே 280 ரூபாய்க்கு, முட்டை ஏழு ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40 முட்டை. முட்டைக்கு 6 கிராம் வீதம் 240 கிராம் புரதம். விட்டமின் சேர்த்திருக்கிறார்களே என்பீர்கள். சேர்த்திருக்கிறார்கள், சரி. ஆனால் அதற்காக வாரச் சாமானில் கிட்டத்தட்ட கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பருப்பைக் கால் கிலோவாகக் குறைப்பது எந்தக் கணக்கில் சேரும்? இந்த மாதிரிப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் வைத்து விற்காதீர்கள் என்று மத்திய அரசே 2024-இல் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. விளம்பரத்தில் உயரமாக வளர்கிற பிள்ளையைப் பார்த்து வாங்குகிறோம், நம் பிள்ளை சர்க்கரைத் தண்ணீர் குடித்து வயிறு நிறைந்து சோற்றைத் தள்ளிவிடுகிறான்.

இந்த அம்மாக்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தாங்கள் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடி, மிச்சம் பிடித்த காசில்தான் அந்த டப்பாவை வாங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

சரி, பணத்தை எங்கே திருப்புவது? முதலில் ரேஷன் கடை. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கும்போது, "அந்தப் பருப்பு வேகாதுங்க" என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஊறவைத்து இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள், வேகும். இன்னொன்று, ரேஷன் அரிசியில் கொஞ்சம் வெளிறி, தண்ணீரில் மிதக்கும் மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய மணி, நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்திருப்பார்கள். வீட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சமைத்துச் சாப்பிடுங்கள், அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம்.

பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை போடுகிறார்கள். அதைச் சாப்பிடாதே, கௌரவக் குறைச்சல் என்று சொல்லி எலுமிச்சை சாதம் கட்டி அனுப்பாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

மீதிப் பணத்துக்கு வேர்க்கடலை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கேழ்வரகு. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் வாரம் ஒரு நாள் அரை கிலோ கோழி வாங்கும் காசில் மத்தி மீன் வாங்கிப் பாருங்கள். முருங்கைக்கீரை தெருவுக்கு ஒரு மரம் நிற்கிறது, உழவர் சந்தைக்குப் போனால் மற்ற கீரையும் மலிவு. ரத்தம் ஊற ஆப்பிள், மாதுளை என்று தேடிப் போக வேண்டாம், கீரைச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டோ எலுமிச்சைச் சாறோ போதும், கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேர அதுதான் உதவும். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். பிள்ளைக்கு டீயே வேண்டாம்.

இதெல்லாம் மாத்திரைக்குப் பதில் கிடையாது. 8.6 உள்ள பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மருந்தை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். கறுப்பாகத்தான் போகும்.

அந்த அம்மாவும் நானும் சிட்டையின் பின்பக்கத்தில் புதுக் கணக்கு எழுதினோம். டப்பாவைப் பட்டியலிலிருந்து அடித்தோம், பிஸ்கட் நூடுல்ஸ் வகையறாவைப் பாதியாக்கினோம், முட்டை 20, வேர்க்கடலை அரை கிலோ, பச்சைப்பயறு அரை கிலோ, கீரைக்கு 50 ரூபாய் என்று போட்ட பிறகும் கையில் கொஞ்சம் மிஞ்சியது. "நெசமாவே இவ்ளோ வருதுங்களா?" என்று இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். நாலு வாரம் கழித்து ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது பையனோடு அந்த நாலு வாரச் சிட்டையையும் எடுத்து வரச் சொன்னேன். நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டு போங்கள்.