மேக்னட்டோ: காந்தமும் பொறியும்

எங்க நைனா வியாசர்பாடில ஷெட் வச்சிருந்தப்போ "மேக்னட் செத்துப்போச்சு"ன்னு சொல்வாரு, காந்தம் எப்படி சாவும்னு சின்ன வயசுல எனக்குப் புரியாது. அவர் சொன்னது மேக்னட்டோவை. பேட்டரியே இல்லாம எஞ்சின் சுத்துற சுத்துலயே கரண்ட் எடுத்து பிளக்ல பொறி விடுற சாமான் அது. பழைய பஜாஜ் ஸ்கூட்டர், லூனா எல்லாம் பேட்டரி இல்லாமலே ஸ்டார்ட் ஆனது இதாலதான்.

மேக்னட்டோ-எலக்ட்ரிக் மெஷின்னு நீளமா இருந்த பேரை நறுக்கி முன்பாதியை மட்டும் வச்சுக்கிட்டாங்க. மேக்னட் கிரேக்கச் சொல்லு, மக்னீசியாங்கிற பக்கம் கெடச்ச கல்லுன்னு அர்த்தம். 1831ல ஃபாரடே காந்தத்தைச் சுருள் கிட்ட அசைச்சா கரண்ட் வரும்னு காட்டுனாரு. ஜெர்மன்காரர் ராபர்ட் பாஷ் 1897ல மேக்னட்டோவை மோட்டார் வண்டி எஞ்சின்ல மாட்டுனாரு, 1902ல அவர்கிட்ட வேலை பார்த்த ஹோனோல்ட் ஸ்பார்க் பிளக்குக்கு ஏத்த ஹைவோல்டேஜ் மேக்னட்டோவைக் கொண்டாந்தாரு. ஃபோர்டு மாடல் டி-ல எஞ்சினோட சுத்துற கனமான சக்கரம், அதான் ஃப்ளைவீல், அதுலயே 16 காந்தம் இருக்கும். நம்ம எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் ஏ40 பூட்டுன காலத்துக்குள்ள கார்ல பேட்டரி, காயில்னு மாறிடுச்சு.

தமிழ்ல காந்த மின்னாக்கின்னு எழுதலாம், ஆனா அது டைனமோவுக்கும் பொருந்தும், பொறி விடுற வேலை அதுல வரல. நான் சொல்றது காந்தப்பொறி. பொறின்னா நெருப்புத் துளி, மெஷினுக்கும் பொறின்னுதான் பேரு, ரெண்டு அர்த்தமும் ஒரே சொல்லுல உக்காருது. காந்தம் வடமொழி அயஸ்காந்தத்துல இருந்து வந்தது, இரும்புக்குப் பிரியமானதுன்னு அர்த்தம், அது தமிழாவே ஆயிடுச்சு, மாத்த வேணாம்.

செக் பண்றதும் இந்தச் சொல்லு வரிசைலயேதான். முதல்ல காந்தம். ஒரு தடவை ஏ40-க்கும் முந்தின பழைய ஆஸ்டின் மேக்னட்டோவைக் கழட்டி என் கைல குடுத்து "சுத்திப் பாருடா, இழுக்குதா?"ன்னாரு நைனா. லாட காந்தம் நல்லா இருந்தா ஒரு சுத்துல ரெண்டு எடத்துல கையைப் புடிச்சு நிறுத்தும், அதைத் தாண்டுனா டக்குனு விடும். வழவழன்னு சுத்துச்சுன்னா காந்தம் சோந்துடுச்சு, திரும்ப ஏத்தணும். உள்ள சுத்துற சுருளை, அதான் ஆர்மேச்சரை, உருவுறப்போ லாடத்தோட ரெண்டு முனைக்கும் குறுக்க இரும்புத் துண்டு வைக்கலன்னாலும் சோந்துடும்.

அப்புறம் பொறி. பிளக் ஒயர் முனையை எஞ்சின் பாடிக்கு 5 மில்லிமீட்டர் கிட்ட வச்சு சுத்துனா நீலமா, சத்தத்தோட தாண்டணும். வெளிக் காத்துல லேசா ஒரு பொறி வந்துச்சுன்னு நம்பிடக்கூடாது, சிலிண்டர் உள்ள அமுக்கத்துல அது தாண்டாது. ஒயரை எதுவும் தொடாம தொங்கவிட்டு மட்டும் சுத்தாதீங்க, போக வழியில்லாத கரண்ட் சுருளோட இன்சுலேஷனை ஓட்டை போட்டுடும். சுருள்ல போற கரண்டை வெட்டி விடுற பாயிண்ட் கருகி கருகி போச்சுன்னா, அதுல தீப்பொறி அடிக்காம காக்குற கண்டென்சரைப் பாருங்க. அப்புறம் காலைல ஓடி, சூடானதும் நிக்கற வண்டின்னா அந்தக் காலத்து சுருள்ல பூசுன அரக்கு சூட்டுல எளகி இருக்கும், ஆறுனப்புறம் கழட்டி செக் பண்ணா எல்லாம் சரியாத்தான் காட்டும், எஞ்சின் சூடா இருக்கப்பவே பொறியைப் பாத்துடணும்.