ஆல்ப்ஸ் பனிமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கண் மருத்துவரின் வேண்டுகோள்

கும்பகோணத்தில் கண் மருத்துவம் பார்க்கும் எனக்குப் பனிக்குருடு (பனியில் பட்டுத் தெறிக்கும் புற ஊதாக் கதிரால் கருவிழி வெந்துபோவது) என்பது பாடப்புத்தகத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டிய நோய். ஆனால் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து சென்றுவரும் வழக்கம் நம் பக்கத்திலும் பரவிவிட்டதால், கோடை இரவுகளில் எங்கெல்பெர்க்கிலிருந்தும் இன்டர்லாக்கனிலிருந்தும் எனக்கு வாட்ஸ்அப் அழைப்புகள் வருகின்றன. கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல உறுத்துகிறது, தண்ணீராகக் கொட்டுகிறது, விளக்கைப் பார்க்கவே முடியவில்லை என்பார்கள். பகலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தீர்களா என்று கேட்டால், "அங்கே ஒரே குளிர் டாக்டர், தஞ்சாவூர் வெயிலையே பார்த்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு வெயிலா?" என்று எல்லாரும் சொல்லிவைத்தாற்போலப் பதில் தருகிறார்கள். அண்மையில் ஒருவர், அந்த உறுத்தலுக்குப் பையில் கிடந்த பழைய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு, கருவிழியில் புண்ணோடு ஊர் திரும்பினார். இதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

வெயில் சுடுவதும் புற ஊதாக் கதிர் தாக்குவதும் ஒன்றல்ல. புற ஊதாக் கதிரைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, தோலில் வெப்பமாக உணரவும் முடியாது. ஆகவே உடல் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே கருவிழி வெந்துகொண்டிருக்கலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது இக்கதிரின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையமோ 3,454 மீட்டரில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் பனி. நம் வயல்களின் பசும்பயிர் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 10 விழுக்காட்டைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை, தரங்கம்பாடிக் கடற்கரையின் உலர்ந்த மணல் 15 விழுக்காடு அளவுக்கு அனுப்பும், புதுப்பனியோ 80 விழுக்காடு வரை எதிரொளிக்கும். நம் ஊரில் வெயில் பெரும்பாலும் மேலிருந்தே வருவதால் புருவமும் தலைப்பாகையும் ஓரளவு காக்கின்றன. பனிமேட்டில் அது காலடியிலிருந்தும் எழும்பிக் கண்ணுக்குள் நுழைவதால் தொப்பி மட்டும் போதாது. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் கதிரின் பெரும்பகுதி ஊடுருவிவிடும்.

ஆக, வெயில் நமக்குப் பழகிப்போனது என்னும் பேச்சுக்கு இடமே இல்லை. கருவிழிக்கு அப்படி ஒரு பழக்கம் ஏற்படுவதில்லை. ஆயுள் முழுவதும் வயலிலும் நாகப்பட்டினத்துப் படகுகளிலும் உழைத்தவர்கள் கண்ணில் சதை வளர்ந்து என்னிடம் வருகிறார்களே, அதற்கும் இதே கதிர்தான் முக்கியமான காரணம்.

"நாங்கள் சறுக்கப் போவதில்லையே" என்பது அடுத்த சமாதானம். பனிச்சறுக்கு ஊர்கள் குளிர்காலத்துக்கு மட்டுமானவை அல்ல. டிட்லிஸ் மலையில் சுழலும் ரோப் காரில் ஏறி 3,020 மீட்டரில் இறங்கினால் ஜூன் மாதத்திலும் காலடியில் பனி கிடக்கும். ஸெர்மாட்டுக்கு மேலே கோடையிலும் சறுக்குகிறார்கள். அங்கே நின்று படம் எடுத்துக்கொள்பவரும், பனியுருண்டை எறிந்து விளையாடும் குழந்தையும், சறுக்குபவர் வாங்கும் அதே கதிரைத்தான் வாங்குகிறார்கள். காஷ்மீரின் குல்மர்க் சென்று கொண்டோலா ரோப் காரில் மேலே ஏறுபவர்களுக்கும் இது பொருந்தும்.

நாள் முழுவதும் உச்சியிலேயே இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. டிட்லிஸ் செல்லும் வழியில், 1,800 மீட்டர் அளவில் உள்ள ட்ரூப்ஸே ஏரியில் கோடையில் படகு ஓட்டலாம், கரையைச் சுற்றி நடக்கலாம். அடிவாரத்தில் 1120இல் நிறுவப்பட்ட எங்கெல்பெர்க் மடாலயத்தைப் பார்க்கலாம். கிரிண்டல்வால்டு மலைச்சரிவுகளில் நடைபாதைகளும் உருண்டோடும் வண்டிகளும் உண்டு. கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டறியுங்கள்: வசந்தத்திலும் நவம்பரை ஒட்டியும் பல ரோப் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள்.

கண்ணாடியில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமான 'யுவி 400' என்ற குறிப்பு இருக்க வேண்டும். பக்கவாட்டையும் மூடும் வடிவமாக இருந்தால் நல்லது. திருவிழாக் கடையில் வாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணாடி வெறுங்கண்ணைவிடக் கெடுதலாக முடியலாம். இருட்டில் கண்மணி விரியும், தடுக்கப்படாத கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். அப்பாவுக்கு மட்டும் நல்ல கண்ணாடி வாங்கிப் பிள்ளைகளை வெறுங்கண்ணோடு அழைத்துச் செல்லாதீர்கள். சறுக்கப் போகிறவர்கள் பலகையையும் காலணியையும் வாடகைக்கு எடுக்கும்போது முகத்தோடு ஒட்டிக் கண்ணை மூடும் காகிள்ஸையும் கேட்டு வாங்குங்கள்.

வலி பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். எனவே மாலையில் நன்றாக இருந்தோமே என்று குழம்ப வேண்டாம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், இருட்டறையில் ஓய்வெடுங்கள், குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வையுங்கள், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு விடலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யார் கொடுத்தாலும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். வலி அடங்கும், புண் ஆறுவது தடைப்படும். வழக்கமாக ஓரிரு நாளில் குணமாகிவிடும். அதற்குமேல் வலி நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, ஊர் திரும்பும்வரை காத்திராமல் அங்கேயே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

விழித்திரை அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வாயு முழுவதும் கரைந்துவிட்டது என்று உங்கள் மருத்துவர் சொல்லும்வரை விமானமும் வேண்டாம், மலையும் வேண்டாம்; உயரத்தில் வாயு விரிந்து கண்ணழுத்தம் ஏறினால் பார்வையே பறிபோகலாம். பயணச்சீட்டை ரத்து செய்தால் பணம் போகிறதே என்று தயங்குபவர்கள் முதலில் என்னிடமோ உங்களுக்கு அறுவை செய்தவரிடமோ ஒருமுறை பேசிவிடுங்கள்.