கோப்பு போனாலும் பதிவு போகாது

வேண்டாத மென்பொருள் ஒன்றின் கோப்புறையைத் தேடிப் பிடித்து அழித்துவிட்டால் அது கணினியை விட்டுப் போய்விட்டது என்று எண்ணுபவர்கள் பலர். மறுநாள் கணினியை இயக்கும்போது, அழிக்கப்பட்ட அதே கோப்பைக் காணவில்லை என்ற அறிவிப்பு திரையில் தோன்றுகிறது. இல்லாத கோப்பைக் கணினி ஏன் தேடுகிறது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், மென்பொருளை முழுமையாக நீக்குவது எப்படி என்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.

விண்டோஸ் கணினியில் மென்பொருளை நிறுவும்போது அதன் முதன்மைக் கோப்புகள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குச் செல்கின்றன. எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான தரவு 'புரோகிராம்டேட்டா'விலும், ஒவ்வொரு பயனருக்கும் உரிய அமைப்புகள் 'ஆப்டேட்டா'விலும் சேர்கின்றன. இவ்விரண்டும் இயல்பாகக் கண்ணில் படாத கோப்புறைகள். இவை தவிர, எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், கணினி தொடங்கும்போது எவை தாமாக இயங்க வேண்டும், பின்னணியில் எந்தச் சேவைகள் ஓட வேண்டும் என்பன போன்ற குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவகத்தில் எழுதப்படுகின்றன. 1995-இல் வந்த விண்டோஸ் 95 முதல் இயக்குதளத்தின் மையக் குறிப்பேடாக இருப்பது இதுதான். வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன்மேல் உள்ள வில்லங்கம் தானாக நீங்குவதில்லை. கோப்புறையை மட்டும் அழிப்பவருடைய நிலையும் அதுவே.

'செட்டிங்ஸ்' பகுதியில் தெரியும் மென்பொருள் பட்டியலில் பெரும்பகுதி இந்தப் பதிவகத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அங்கே ஒவ்வொரு மென்பொருளின் பெயருக்கும் கீழே, அதை நீக்க எந்தக் கட்டளையை இயக்க வேண்டும் என்ற ஒரு வரி இருக்கும். நாம் 'அன்இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தியதும் விண்டோஸ் அந்தக் கட்டளையை இயக்குகிறது. அழிக்கும் வேலையைப் பல நேரங்களில் மென்பொருளைத் தயாரித்தவரே எழுதிக் கொடுத்த நீக்கிதான் செய்கிறது. எனவே தயாரித்தவர் எவ்வளவு அக்கறையோடு எழுதினாரோ அவ்வளவுதான் தூய்மையும் கிடைக்கும். கோப்புறையை முதலிலேயே கையால் அழித்தவர்கள் பெரும்பாலும் அந்த நீக்கியையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். பின்னர் பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

நீக்கிக்கும் சில சிக்கல்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை விண்டோஸ் அழிக்க விடாது. நீக்கியும் ஒரு நிரல்தான் என்பதால் அது தன்னைத் தானே அழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பல நீக்கிகள் தம்மைத் தற்காலிகக் கோப்புறைக்கு நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலிலிருந்து மூலத்தை அழிக்கின்றன. பயன்பாட்டில் இருப்பதால் அழிக்க இயலாத பிற கோப்புகளின் பெயர்கள் பதிவகத்தில் ஒரு பட்டியலாகக் குறித்து வைக்கப்படுகின்றன. அடுத்த முறை கணினி தொடங்கும்போது, வேறு நிரல்கள் அவற்றைப் பிடிப்பதற்கு முன்பே இயக்குதளம் அவற்றை அழித்துவிடுகிறது. நீக்கிய பின் 'ரீஸ்டார்ட்' செய்யச் சொல்வது இதற்காகத்தான், அதைத் தள்ளிப்போடாமல் செய்வதே நல்லது.

கோப்பை அழிப்பதற்கும் தொடர்பை அறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை 2005-இல் நடந்த ஒரு நிகழ்வு உலகுக்கே காட்டியது. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் சில இசைக் குறுந்தகடுகள், நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவிவிட்டு அதை இயக்குதளத்தின் கண்ணிலிருந்தே மறைத்துவைத்தன. நீக்கும் பட்டியலில் அதன் பெயரே இல்லை. தம் கணினியில் அதைக் கண்டுபிடித்த விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச், அதன் கோப்புகளைக் கையால் அழித்துவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கியபோது குறுந்தகட்டு இயக்கியே (சிடி டிரைவ்) காணாமற்போயிருந்தது. அம்மென்பொருள் அந்த இயக்கிக்கான தரவுப் பாதையின் நடுவே தன் வடிகட்டி நிரலைப் பொருத்தியிருந்தது. கோப்பு போய்விட்டது, ஆனால் 'இந்த வடிகட்டி வழியாகவே செல்' என்ற பதிவு அப்படியே இருந்தது. குறிப்பிட்ட நிரல் கிடைக்காததால் விண்டோஸ் அந்தச் சாதனத்தையே தொடங்க மறுத்தது. அவர் பதிவகத்திலிருந்து அக்குறிப்புகளை நீக்கிய பிறகே இயக்கி திரும்பி வந்தது. பின்னர் அந்நிறுவனம் இணையம் வழியே கொடுத்த நீக்கியோ, எந்த இணையதளமும் கணினிக்குள் நுழைந்து நிரலை இயக்கக்கூடிய புதிய ஓட்டை ஒன்றைத் திறந்துவிட்டிருந்ததை கணினி ஆய்வாளர்களான எட்வர்ட் ஃபெல்டன், அலெக்ஸ் ஹால்டர்மன் ஆகியோர் கண்டறிந்தார்கள். வாங்கியவர் அறியாமல் அவருடைய கணினிக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. குறுந்தகடுகள் திரும்பப் பெறப்பட்டது நியாயமே.

இதனால்தான் வரிசை முக்கியமாகிறது. முதலில் மென்பொருளை மூடி, அதன் சொந்த நீக்கியை இயக்கி, கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். நீக்கி அடம்பிடித்தால், அத்தியாவசியமான நிரல்களை மட்டும் ஏற்றும் 'சேஃப் மோட்' நிலையில் முயன்று பார்க்கலாம். நச்சுநிரல் தடுப்பான்கள் தம்மை யாரும் முடக்கிவிடாதபடி ஆழமாகப் பாதுகாத்துக்கொள்பவை என்பதால், அவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் தனி நீக்கும் கருவிகளையே தருகிறார்கள். அடுத்து, தொடக்க நிரல்கள், திட்டமிட்ட பணிகள், சேவைகள், உலாவி நீட்சிகள் ஆகியவற்றைப் பார்வையிட வேண்டும். போன மென்பொருள் மீண்டும் முளைத்தால், பெரும்பாலும் இவற்றில் ஒன்றிலிருந்துதான் முளைக்கும். ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் உருவாக்கிய 'ஆட்டோரன்ஸ்' என்ற இலவசக் கருவி இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே இடத்தில் காட்டுகிறது. கோப்பு இல்லாமல் பதிவு மட்டும் எஞ்சியவற்றைத் தனி நிறத்தில் குறித்தும் தருகிறது.

இரண்டு இடங்களில் மட்டும் கை வைக்காமலிருப்பது நல்லது. 'விண்டோஸ்' கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'இன்ஸ்டாலர்' என்ற கோப்புறை இடத்தை அடைப்பதுபோல் தோன்றினாலும், பல மென்பொருள்களைப் பின்னாளில் நீக்கவும் புதுப்பிக்கவும் தேவையான தொகுப்புகள் அதில்தான் உள்ளன. இன்னொன்று, பதிவகத்தைத் துடைத்துத் தருவதாகச் சொல்லும் 'கிளீனர்' வகை மென்பொருள்கள். அவற்றின் பயன்பாட்டை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. யாரும் படிக்காத சில பழைய வரிகள் பதிவகத்தில் கிடப்பதால் கணினி உணரத்தக்க அளவில் மெதுவாவதில்லை. தேவையான ஒரு வரி தவறுதலாகப் போய்விட்டால், ருசினோவிச்சின் குறுந்தகட்டு இயக்கியைப் போல ஒரு சாதனமே நின்றுவிடக்கூடும்.