நடுவில் இல்லாத முன்குறி

ரஷ்யாவின் பழைய மோசின் நாகான் ரைபிளைக் கையில் எடுப்பவர்கள் சீக்கிரமே ஒரு குறை கண்டுபிடிப்பார்கள். குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறி நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். யாரோ தட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, அதை நடுவுக்கு நகர்த்தி அழகு பார்த்துவிட்டுச் சுட்டால், 100 மீட்டரில் குண்டு முக்கால் சாண் தள்ளிப் போய் விழும். அந்தக் கோணல்தான் சரியான அமைப்பு.

பயிற்சி எடுத்தவர்கள் ஃபோர்சைட் என்று சொல்லும் இந்தச் சின்ன இரும்புத்துண்டுக்கு இவ்வளவு செல்வாக்கு எப்படி வந்தது? 1891/30 வகை மோசினில், கண்ணுக்கு அருகில் வெட்டோடு இருக்கும் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 622 மில்லிமீட்டர். 100 மீட்டர் தூரம் அதைப்போல ஏறத்தாழ 160 மடங்கு. அதனால் முன்குறி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கில் 16 சென்டிமீட்டர் மாறும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு தாளின் கனம் நகர்ந்தாலே ஒன்றரை சென்டிமீட்டர் போய்விடும்.

எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குண்டு வலப்பக்கம் போனால் முன்குறியையும் வலப்பக்கமே தள்ள வேண்டும். முன்குறி வலப்பக்கம் போனதும், அதைப் பின்குறியின் வெட்டுக்கு நேராகக் கொண்டுவர நாம் குழலை இடப்பக்கம் திருப்புவோம், குண்டும் இடப்பக்கம் வரும். உயரத்திலும் இதே கதைதான். முன்குறி குட்டையானால் அதைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவரக் குழலைத் தூக்குவோம், குண்டு மேலே ஏறும்.

சரி, தொழிற்சாலையிலேயே ஏன் கோணலாக வைத்தார்கள்? எந்தக் குழலும் வரைபடத்தில் இருப்பதுபோல நூல்பிடித்த நேராக வருவதில்லை. ஒவ்வொரு ரைபிளையும் சுட்டுப் பார்த்து, குண்டு விழும் இடத்துக்கு ஏற்ப முன்குறியை நகர்த்தினார்கள். மோசினுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சோவியத் படையில் 1891/30 ரைபிளைத் துப்பாக்கி ஈட்டியை (பயோனெட்) முனையில் பொருத்திய நிலையில்தான் சரிபார்த்தார்கள். சுடும்போது குழல் மீட்டிய கம்பிபோல அதிரும். குண்டு வெளியேறும் கணத்தில் முனை எந்தப் பக்கம் அசைந்துகொண்டிருக்கிறதோ அதைப் பொறுத்துக் குண்டின் போக்கு மாறும். முனையில் ஈட்டியின் எடை தொங்கினால் அதிர்வின் நேரக்கணக்கே வேறு. இன்று அந்த ரைபிளை ஈட்டி இல்லாமல் சுடுபவர் குண்டு ஏன் விலகுகிறது என்று குழம்புவதில் வியப்பில்லை.

இனி முன்குறியைக் கழற்றும் கதை. முதல் வேலை, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டை உருவி எடுத்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணால் பார்ப்பது. அதன்பிறகு முன்குறியை உருப்பெருக்கியில் பாருங்கள். பல பழைய ரைபிள்களில் முன்குறியின் மேலும் அதைத் தாங்கும் அடித்தளத்தின் மேலும் சேர்த்து ஓர் ஒற்றை உளிக்கோடு ஓடும். சரிபார்த்து முடித்தவர் போட்ட கோடு அது. இரண்டு பாதியும் ஒரே நேரில் இருந்தால் முன்குறியை இதுவரை யாரும் அசைக்கவில்லை என்று பொருள். அதைப் படம் எடுத்துக்கொள்ளாமல், காலிப்பர் என்ற அளவுகோலில் இருபுறமும் அளந்து எழுதிவைக்காமல் சுத்தியலைத் தொடுவது, என்னைக் கேட்டால், மடத்தனம்.

முன்குறியைப் பிடித்திருப்பது பெரும்பாலும் உராய்வு மட்டும்தான். அடியில் அகன்று மேலே குறுகிய பள்ளத்துக்குள் அதே வடிவக் கட்டை இறுக்கமாக ஏறியிருக்கும். புறாவின் விரிந்த வால்போல இருப்பதால் டவ்டெயில் என்று பெயர். மேல்நோக்கி வராது, பக்கவாட்டில் மட்டுமே நகரும். இடமிருந்து வலமாகத் தட்டி எடுப்பதும் வலமிருந்து இடமாக ஏற்றுவதும் பொதுவழக்கம். விதிவிலக்குகளும் உண்டு. பிரிட்டனின் லீ என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிளில் முன்குறியைத் தாங்கும் கட்டையையே பிளந்து, குறுக்கே ஒரு திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தத் திருகைக் கவனிக்காமல் அடித்தால் கட்டைதான் நசுங்கும்.

எழுபது எண்பது வருடத் துரு இருந்தால் உராய்வு இன்னும் கூடும். துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இண்டு இடுக்கில் உருவானால் ஆப்புபோல இறுக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தால், நுண்துளை ஈர்ப்பால் அது தானாகவே இடுக்குக்குள் ஏறும். சூடுபடுத்தினால் விரிந்து கழன்றுவிடும் என்பார்கள். இரண்டும் எஃகு, இரண்டும் ஒரே அளவில்தான் விரியும். சூட்டால் பயன் உண்டு, ஆனால் அது விரிவால் அல்ல. காய்ந்த கொழுப்பு இளகும், துருப்படலம் வெடிக்கும். ஈயப்பற்று வைத்த அடித்தளமாக இருந்தால் சூடே வேண்டாம், வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும்.

அடிக்கும்போது குழலை முனைக்கு அருகிலேயே வைஸ் என்ற பிடிகருவியில் பிடிக்க வேண்டும், மரத்தாடை வைத்து. தள்ளிப் பிடித்தால் குழல் வில்போல வளைந்து அடியின் விசையை விழுங்கிவிடும். முன்குறிமேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கும் பஞ்ச் பித்தளையில் இருக்கட்டும். எஃகைவிட மெத்தென்றிருப்பதால் பித்தளை நசுங்கும், முன்குறிக்குக் காயம் வராது. நூறு செல்லத்தட்டல்கள் பஞ்சின் நுனியைத்தான் காளானாக்கும். கனமான சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டால் அசையும். அசைந்த இடத்தில் காய்ந்த பழுப்புக் கொழுப்பும், பூச்சு படாத வெளிறிய எஃகுப் பட்டையும் தெரியும்.

புதிய முன்குறியை வாங்கும்போது உயரமானதாகப் பாருங்கள். அரத்தால் ராவிக் குறைக்கலாம், வளர்க்க முடியாது. லீ என்ஃபீல்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் முன்குறிகள் 0.015 அங்குல, அதாவது 0.38 மில்லிமீட்டர், படிகளில் பல உயரங்களில் வந்தன. நம்பர் 4 ரைபிளில் ஒரு படி மாற்றினால் 100 மீட்டரில் சுமார் 5 சென்டிமீட்டர்.

ஏற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நிற்கும் பொருளை அசைக்கத் தேவைப்படும் விசை, அசையத் தொடங்கியதை நகர்த்தத் தேவைப்படுவதைவிட அதிகம். அதனால் கடைசி நகர்த்தலில் முன்குறி அசையவே மாட்டேன் என்று நிற்கும், பிறகு திடீரென்று தேவைக்கு மேல் தாவிவிடும். சுத்தியலுக்குப் பதில் திருகி அழுத்தும் கருவி இங்கேதான் கைகொடுக்கும். கால் சுற்று திருகி, மூன்று குண்டு சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியை அளந்து, மறுபடி கால் சுற்று. குண்டு சரியான இடத்தில் விழத் தொடங்கியதும் முன்குறியிலும் அடித்தளத்திலும் சேர்த்து உளியால் மெல்லியதாக ஒரு புதுக்கோடு. அடித்தளத்தில் பழைய கோட்டின் பாதி அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் நகக்கீறல் அளவுதான் இடைவெளி.