ஜவ்வு விலகல் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் படுத்துவிட வேண்டுமா?

பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் போன வாரம் மட்டும் மூன்று பேர். கையில் எம்ஆர்ஐ கவர், இடுப்பில் பெல்ட், "ஒரு மாசத்துக்கு மேல பெட் ரெஸ்ட்தான் மேடம், ஆனாலும் வலி குறையல" என்ற அதே வாக்கியம். மூன்றாவதாக வந்தவருக்கு 34 வயது, துரைப்பாக்கத்தில் ஐடி வேலை. தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடுகிற வலி அது. ஆனால் நான்காம் நாளே ஸ்கேன், ரிப்போர்ட்டில் டிஸ்க் பல்ஜ், அதாவது ஜவ்வுப் புடைப்பு என்று ஒரு வரி, வீடே பயந்துபோய்த் தரையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்து, குனியாதே, வண்டி எடுக்காதே, இரண்டு வயது மகளைத் தூக்காதே என்று ஆறு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். என் முன்னால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது ஜவ்வு இல்லை, அந்த ஆறு வாரப் படுக்கைதான். தசையில் பலம் போய்விட்டது, அதைவிட, குனிந்தால் ஏதோ உடைந்துவிடும் என்ற பயம் உடம்பு முழுக்க ஏறிவிட்டது.

இந்த "ஜவ்வு விலகிடுச்சு" என்ற பேச்சைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு எங்கேயும் விலகி ஓடுவதில்லை. மேலேயும் கீழேயும் இருக்கிற எலும்போடு அது இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில சமயம் ஓரம் புடைக்கும், சில சமயம் உள்ளே இருக்கும் கூழ் கொஞ்சம் வெளியே வரும். அதை யாரும் உள்ளே தள்ளி உட்கார வைக்க முடியாது, சுளுக்கு எடுப்பவராலும் முடியாது, என்னாலும் முடியாது. வெளியே வந்த கூழைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது.

புடைப்பு இருந்தாலே வலி அதனால்தான் என்று முடிவு கட்டுவதும் தப்பு. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை வைத்து 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 100க்கு 30 பேருக்கு டிஸ்க் பல்ஜ், 30 வயதில் 40 பேருக்கு, 50 வயதில் 60 பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். கேன் தூக்குவதற்கு முந்தைய வாரம் ஸ்கேன் எடுத்திருந்தாலும் நம்ம ஆளுக்கு இதே வரி வந்திருக்கலாம். ரிப்போர்ட்டை வாங்கியதும் லிஃப்டிலேயே கவரைப் பிரித்து, போனில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் படிப்பதைத் தயவுசெய்து விடுங்கள். சாதாரண இடுப்பு வலிக்கு முதல் சில வாரங்களில் ஸ்கேனே தேவைப்படாது.

பெட் ரெஸ்ட் உதவாது என்பதும் புதுசு இல்லை. 1986இல் அமெரிக்காவில் ஒரு குழுவை இரண்டு நாள், இன்னொரு குழுவை ஏழு நாள் படுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள்காரர்கள் 45 சதவீதம் குறைவாகத்தான் லீவு போட்டார்கள். 1995இல் ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களிடம் பார்த்தபோது, வலி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டும் டிராக்ஷனும் (முதுகை இழுத்து வைக்கிற சிகிச்சை) வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. ஆனாலும் பத்து நாள் டிராக்ஷன் போட்டு, கரண்ட் வைத்து, ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராமல் அனுப்புகிறவர்கள் என் துறையிலேயே இருக்கிறார்கள். சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

சரி, வலி வந்தால்? முதல் ஓரிரு நாள் சூடு ஒத்தடம், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, ஆனால் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து வீட்டுக்குள் நடப்பது. மாத்திரையை டாக்டர் சொன்ன நாளுக்குத்தான் போட வேண்டும். சுகரும் பிரஷரும் இருக்கிறவர்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, கிட்னி என்ன ஆகும்? வயதான அம்மாக்களின் முதுகில் ஏறி மிதிக்கிற வைத்தியமும் வேண்டவே வேண்டாம், எலும்பு பலவீனமாக இருந்தால் முறிந்துவிடும்.

வலி போனபின் அது திரும்ப வராமல் இருக்க நடங்கள். ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்து 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் வரை நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்ப வருவதற்குள் சராசரியாக 208 நாள் ஆனது, அப்படிப் பழக்கப்படாத மற்றவர்களுக்கு 112 நாள். "சென்னையில நடக்க பிளாட்பாரம் எங்க மேடம் இருக்கு" என்பார்கள். நியாயம்தான், ஆனால் மொட்டை மாடி இருக்கிறது, அபார்ட்மெண்ட் பார்க்கிங் இருக்கிறது, விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது. அப்புறம், இப்படித்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று ஒரு சூத்திரமும் கிடையாது, ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் உட்காராதீர்கள், அது போதும். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள், இல்லையென்றால் கேன் மேல் மாட்டுகிற பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள்.

அந்த 34 வயதுக்காரரை முதல் நாளே பெல்ட்டைக் கழற்ற வைத்து, பக்கத்துத் தெரு முனை வரை கூட நடந்து போய் வந்தேன். மூன்றாவது வாரம் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

இவ்வளவும் சாதாரண வலிக்கு. மூத்திரம் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலமோ மூத்திரமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் மரத்துப்போனாலோ, கால் துவண்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். வலியோடு காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் தூக்கத்தைக் கலைக்கிற வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள், நம் ஊரில் முதுகெலும்பில் காசநோய் இன்னும் வருகிறது. கால் துவள்வது, மூத்திரம் அடைப்பது என்று முதலில் சொன்னவற்றில் எது வந்தாலும் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.