எந்த போர்ட், யாருக்காகத் திறந்திருக்கிறது?

ஒரு சர்வரின் பாதுகாப்பைப் பரிசோதிக்க அழைக்கப்படும்போது, அதில் எந்தெந்த போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்றுதான் நான் முதலில் கேட்பேன். "80, 443 மட்டும்தான்" என்று பதில் வரும். அனுமதி பெற்று வெளியிலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் என்ற கருவியைக் கொண்டு ஸ்கேன் செய்தால், அந்தப் பதிலில் இடம்பெறாத எண் ஒன்றாவது பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஒரே ஐபி முகவரியில் பல சேவைகள் இயங்கும்போது, வந்து சேரும் பாக்கெட் (தரவுத் துண்டு) எந்தச் சேவைக்கு உரியது என்பதைக் கணினி போர்ட் எண்ணைக் கொண்டே அறிகிறது. இது 16 பிட் எண் என்பதால் டிசிபி, யுடிபி என்ற இரண்டு தரவு அனுப்பும் முறைகள் ஒவ்வொன்றிலும் 0 முதல் 65535 வரை அமையும். இணையதளத்துக்கு 80, 443, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு 53, மெயில் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ள 25 என்பதெல்லாம் வழக்கமே தவிரக் கட்டாயமல்ல. 443இல் வேறொரு புரோகிராமை அமர்த்தினாலும் கணினி மறுக்காது. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், அதன் பின்னால் இயங்குவது எது என்பதையும் பார்க்க வேண்டும்.

கோப்புகளை அனுப்பும் எஃப்டிபிக்கான 21, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் டெல்நெட்டுக்கான 23 இரண்டுமே கடவுச்சொல்லை என்கிரிப்ட் செய்யாமல் அனுப்புபவை. அவற்றுக்கு மாற்றாக, என்கிரிப்ட் செய்து அனுப்பும் எஸ்எஸ்எச்சை 1995இல் உருவாக்கிய டாட்டு யுலோனன், இடையில் காலியாக இருந்த 22ஐக் கேட்டுப் பெற்றார். ஆயினும் டெல்நெட் ஒழியவில்லை: 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லே மாறாமல் கிடந்த கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் 23 வழியாகவே புகுந்தது. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான 445 வழியாக 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அதைத் தடுக்கும் பேட்ச் வெளியாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் தேவைப்படும் 445 இணையத்துக்குத் தெரிய வேண்டிய காரணம் எதுவுமில்லை.

நான் அடிக்கடி காண்பது இவ்வளவு பெரிய கதையல்ல. ஓரிடத்தில், வீட்டிலிருந்து ஒரே ஒரு நாள் வேலை பார்ப்பதற்காக மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 3306ஐ எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிட்ட டெவலப்பர், மூடாமலே வேலையை விட்டுப் போயிருந்தார். நான் பார்த்தபோது சர்வரின் பதிவேடான லாக் முழுவதும் அறியாத முகவரிகளின் லாகின் முயற்சிகளாக நிறைந்திருந்தது. டேட்டாபேஸை 127.0.0.1இல் (அதே கணினியைக் குறிக்கும் முகவரி) மட்டும் கேட்கவைத்து, தேவைப்படுபவர் எஸ்எஸ்எச் டனல் என்ற என்கிரிப்ட் செய்த பாதை வழியாக வந்திருந்தால், எந்த போர்ட்டுக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. (எஸ்எஸ்எச்சை 2222க்கு மாற்றிவிட்டு நிம்மதி அடைவோரும் உண்டு, அதனால் லாக்கில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான்.)

புரோகிராம்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரைப் பயன்படுத்துவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கன்டெய்னரின் போர்ட்டை முகவரி குறிப்பிடாமல் வெளியிட்டால் டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிவிடுவதால், உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் தடுத்திருந்தாலும் அந்த போர்ட் வெளியே திறந்தே இருக்கும்.

ஃபயர்வால் பட்டியலை மட்டும் நம்பாமல் வெளியிலிருந்தும் பார்க்கச் சொல்வது இதனால்தான். அப்படிப் பார்க்கும்போதும், என்மேப் இயல்பாகச் சோதிப்பது பரவலாகப் பயன்படும் 1000 டிசிபி போர்ட்டுகளை மட்டுமே என்பதால், ஸ்கேன் அறிக்கையைப் பெறுபவர்கள் 65535 வரை பார்க்கப்பட்டதா, யுடிபியும் சேர்க்கப்பட்டதா என்று கேட்டுவிடுவது நல்லது.